பயந்த சுபாவக்காரி ஜெயபாரதி

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் ஜவஹர் அவர்களே, இதயநோய் மருத்துவர் ஸ்ரீரங்கன் அவர்களே, தங்கையைப் பறிகொடுத்து நிற்கும் ஆனந்தகுமார் அண்ணன் அவர்களே, மீன் கடையை மூடிவிட்டுப் பட்டினப்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் லாசர் குடும்பத்தாரே, மாணவச் செல்வங்களே, மயிலாப்பூரின் இந்தச் சிறிய மண்டபத்தில் இடம் கிடைக்காமல் வாசலில் நிற்கும் அன்பர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

என் பெயர் ஸ்வர்ணலதா. முனைவர் ஜெயபாரதி அவர்களோடு அடையாறில் ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்து வேலை செய்தவள். எனக்கு முன்னால் பேசிய பெரியவர்கள் அவரைத் துணிச்சல்காரர் என்றார்கள், எதற்கும் அஞ்சாத அறிவியலாளர் என்றார்கள். அன்பினால் சொன்னார்கள். ஆனால் அது உண்மையில்லை. நம் ஜெயபாரதி அஞ்சாதவர் இல்லை. அவரைப்போலப் பயந்த சுபாவக்காரியை நான் பார்த்ததே இல்லை.

லிஃப்ட்டில் ஏறமாட்டார். இடி இடித்தால் கணினியை அணைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். சர்தார் பட்டேல் சாலையைக் கடக்க யாராவது துணைக்கு வரும்வரை ஓரத்தில் காத்திருப்பார். ரத்தம் பார்த்தால் மயக்கம் வந்துவிடும். உயிரியல் படித்தவருக்கு ரத்தம் என்றால் பயமா என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். மன்னிக்க வேண்டும், மேடையில் 'அவர்' என்றுதான் சொல்லவேண்டும். எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் வாடி போடி என்று பேசிவிட்டு இன்றைக்கு மட்டும் எப்படி 'அவர்' என்பேன்? என் பாரதியை அவள் என்றே சொல்லவிடுங்கள்.

இன்று காலையிலிருந்து இந்தப் பேச்சை எழுதி எழுதிக் கிழித்தேன். துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது பயம். அவள் பாதியில் விட்டுப்போன வேலை மேசைமேல் இருக்கும் குப்பிகளைப் பற்றியது மட்டும் என்றால் நான் பயப்படமாட்டேன். அது உயிரோடு இருக்கும் மனிதர்களைப் பற்றியது. அவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசலாமா என்று நேற்று லாசர் அண்ணனிடம் கேட்டேன். "எம் பொண்ணை முன்னாடி உக்கார வச்சிக்கினே சொல்லுங்க" என்றார். அந்த அனுமதியோடுதான் பேசுகிறேன்.

பாரதி என்ன ஆராய்ந்தாள்? இங்கே வந்திருப்பவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியாது. அவளே எப்படிச் சொல்லுவாளோ அப்படியே சொல்கிறேன்.

அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்தவர். ஆனந்தகுமார் அண்ணன் இன்றும் அதை நடத்துகிறார். பாரதி அந்தக் கடையில் வளர்ந்தவள். அடுக்கில் நூற்றுக்கணக்கான புடவைகள் மடித்து வைத்திருக்கும். வாடிக்கையாளர் ஒரு நிறத்தையும் கரையையும் சொல்வார். விற்பனையாளர் ஒரு புடவையைக்கூடப் பிரிக்கமாட்டார். மடிப்புகளின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே போவார், ஓரிடத்தில் நிறுத்துவார், உருவி எடுப்பார். கேட்ட புடவை அதுவாகத்தான் இருக்கும்.

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது. கண்ணில் இருப்பதும் அதே, கல்லீரலில் இருப்பதும் அதே, இதயத்தில் இருப்பதும் அதே. அப்படியென்றால் இதயம் எப்படி இதயமாகிறது? இதயத்துக்கு வேண்டிய மரபணுக்களை மட்டும் யார் தட்டி எழுப்புகிறார்கள்? அதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. முறுக்கிய ஏணிபோல இருக்கும் டி.என்.ஏ.வை அவை பிரிப்பதில்லை. முறுக்கின் வெளிப்புறத்தில் ஓடும் பள்ளத்தில் தங்கள் உடம்பின் ஒரு சுருளைப் பதித்து, ஏணிப்படிகளாக இருக்கும் எழுத்துகளின் விளிம்பைத் தொட்டே படிக்கின்றன. இது இல்லை, இதுவும் இல்லை என்று வழுக்கிக்கொண்டே போய், சரியான இடம் வந்ததும் இறுகப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்தால் மட்டும் போதுமா? போதாது. அதே புரதத்தின் இன்னொரு பகுதி, மரபணுவை நகலெடுக்கும் இயந்திரத்தைக் கூப்பிடவேண்டும். "ஒரு பகுதி பிடிக்கும், ஒரு பகுதி கூப்பிடும். பிடி நழுவினா கூப்பிட ஆளில்ல" என்பாள் பாரதி.

கருவில் இதயம் உருவாகும்போது வேலை செய்யும் அப்படி ஒரு புரதத்தைத்தான் அவள் காலமெல்லாம் ஆராய்ந்தாள். அதன் வாயில் நுழையாத பெயரைச் சொல்லி உங்களைக் குழப்பமாட்டேன், நாங்களே அதை 'இதயப் புரதம்' என்றுதான் சொல்வோம். அதன் பிடிக்கும் பகுதியில் மூன்று சுருள்கள். மூன்றாவது சுருள்தான் பள்ளத்தில் இறங்கிப் படிப்பது. சங்கிலிபோலக் கோத்திருக்கும் அந்தச் சுருளில் ஒரே ஒரு கண்ணி மாறினால் பிடி என்ன ஆகும் என்பது அவளுடைய கேள்வி. பாக்டீரியாவில் அந்தப் புரதத்தை உண்டாக்கி, சுத்தப்படுத்தி, குப்பியில் வைத்துச் சோதிப்பாள். மனிதர் யாரும் தேவையில்லை, ரத்தம் தேவையில்லை. அவளுக்குப் பிடித்தமான, பத்திரமான உலகம் அது.

அந்த உலகத்தை உடைத்தவர் முன்வரிசையில் இருக்கும் ஜெசிந்தா அக்கா.

பாரதியின் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில். பட்டினப்பாக்கம் கடற்கரையோரத்தில் ஜெசிந்தா அக்காவிடம்தான் மீன் வாங்குவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கடை மூடியிருந்தது. அடுத்த வாரம் போனாள். சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டே ஜெசிந்தா அக்கா நடந்ததைச் சொல்லியிருக்கிறார். கணவர் லாசரின் அண்ணன் சவரிநாதன் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்துவிட்டார். கரைக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய்விட்டது. மாமனாரும் அப்படித்தான் போனாராம். கடல் காவு வாங்குகிறது என்று குப்பத்தில் பேசிக்கொள்கிறார்களாம்.

நாமெல்லாம் என்ன செய்வோம்? ஐயோ பாவம் என்போம், மீனை வாங்கிக்கொண்டு வருவோம். பாரதியும் அப்படித்தான் கிளம்பியிருக்கிறாள். அப்போது ஜெசிந்தா அக்காவின் மகள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கக் குனிந்தது. அதன் கழுத்துக்குக் கீழே ஒரு பழைய தையல் தழும்பு. அது என்ன என்று பாரதி கேட்டிருக்கிறாள்.

"பொறக்கச் சொல்லோவே நெஞ்சுல ஓட்டைக்கா. ஆஸ்பத்திரில அடைச்சாங்க. இப்ப நல்லாத்தான் கீது" என்றார் ஜெசிந்தா அக்கா.

அன்றைக்கு பாரதி வீட்டுக்குப் போகவில்லை. மீன் பையோடு நேராக ஆய்வகத்துக்கு வந்தாள். விடுமுறை நாள், நான் ஏதோ மிச்ச வேலைக்காக வந்திருந்தேன். பையை என் மேசைமேல் வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "லதா, ஒரே குடும்பம். குழந்தைக்கு இதயத்துல ஓட்டை. பெரியவங்க திடீர்னு விழுந்து சாகறாங்க" என்றாள். மீதியை அவள் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் இருவருக்கும் அது பாடம்போலத் தெரியும். அந்த இதயப் புரதத்தின் மரபணு ஒன்று பழுதானால் நடப்பது அதுதான். அறைகளுக்கு நடுவில் சுவர் முழுதாக எழும்பாமல் ஓட்டை விழும். மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் மின்பாதை வயதாக ஆக நைந்துகொண்டே வரும். ஒரு நாள் முழுதாக அறுந்துவிடும். எந்த முன்னறிவிப்பும் இருக்காது.

நான் கட்டுரைகளில் படித்திருந்தேன். அவளும் படித்திருந்தாள். ஆனால் கட்டுரையில் இருப்பவர்களுக்கு முகம் இருக்காது. இவர்களுக்கு இருந்தது.

"நாம சந்தேகத்துல சொல்லி, அது இல்லைன்னா? சொல்லாம விட்டு, அதுதான்னா?" என்று அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. எனக்கு இரண்டில் எது அதிகப் பயம் என்று சொல்லத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. மறுநாளே டாக்டர் ஸ்ரீரங்கனைப் போய்ப் பார்த்தாள். டாக்டர், நீங்கள் அவளிடம் உடனே அழைத்து வாருங்கள் என்று சொன்னீர்கள். அதற்கு எங்கள் நன்றி.

குடும்பத்தை அழைத்து வந்து இ.சி.ஜி. எடுத்தோம். லாசர் அண்ணன் அன்றைக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். எனக்கு என்ன மேடம், இரண்டு ஆள் வலையை ஒரு ஆளாக இழுப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். மறுபடி எடுக்கச் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் வெளியே கூப்பிட்டு, இந்த மனிதர் நடமாடுவதே ஆச்சரியம், நாடித் துடிப்பு பாதியாக இருக்கிறது, மேலறை அடிப்பது கீழறைக்குப் பாதி நேரம் போய்ச் சேரவே இல்லை என்றார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். உள்ளே அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நர்ஸிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரத்தப் பரிசோதனை வந்தது. ரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிற பாரதி அந்தக் குப்பிகளைத் தானே ஐஸ் பெட்டியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தாள், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. முடிவு என்ன தெரியுமா? மூன்றாவது சுருளில் ஒரு கண்ணி மாறியிருந்தது. அதே மாற்றமுள்ள புரதத்தைச் செய்து டி.என்.ஏ.வோடு கலந்து, ஜெல் என்னும் கூழ்த்தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டோம். நல்ல புரதம் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும், இரண்டும் சேர்ந்து கனத்து, மெதுவாக நகர்ந்து, மேலே ஒரு கோடாக நிற்கும். லாசர் குடும்பத்துப் புரதத்தில் மேலே ஒன்றும் இல்லை. வெறும் டி.என்.ஏ. தனியாகக் கீழே ஓடிப்போயிருந்தது. பிடியே இல்லை.

எத்தனையோ முறை அந்த மாதிரி படத்தைப் பார்த்து, நல்ல முடிவு கிடைத்தது என்று நாங்கள் காப்பி குடிக்கப் போயிருக்கிறோம். அன்றைக்கு பாரதி அந்த வெற்றிடத்தைப் பார்த்து அழுதாள். "இது சவரிநாதன், லதா" என்றாள்.

லாசர் அண்ணனுக்கும் அந்த மாற்றம் இருந்தது. மகளுக்கும் இருந்தது. அந்த மரபணுவில் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி என்று எல்லாருக்கும் இரண்டு இருக்கும். அவர்களிடம் ஒன்று நல்லது, ஒன்று பழுது. பாதிப் பலத்தில் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்குப் போவதும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டுவதுபோலத்தான்.

நெஞ்சில் ஒரு கருவி வைத்தால் போதும், துடிப்பு நின்றால் அது துடிக்கவைக்கும் என்று டாக்டர் சொன்னார். அரசுக் காப்பீட்டில் செய்துவிடலாம் என்றும் சொன்னார். லாசர் அண்ணன் மறுத்துவிட்டார். பாரதி அவர் வீட்டுக்கே போனாள். நானும் போனேன். ஒன்றும் கோபமாகப் பேசவில்லை அவர். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"மிஷினை நெஞ்சுல வச்சிக்கினு நான் எந்தப் படகுல ஏற்றது மேடம்? அது போவட்டும். எங்க ரத்தத்துல குத்தம் கீதுன்னு வெளிய தெரிஞ்சா எம் பொண்ணை எவன் கட்டுவான்?"

அப்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு சம்பந்தம் பேசி முடிக்கும் நிலையில் இருந்தது. நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். பாரதி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க அதுக்குப் பயப்படறது நியாயம்தான் லாசர். எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க நாளைக்குப் படகு ஏறினா, நீங்க திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு இதைவிடப் பயமா இருக்கும்."

அவர் வரவில்லை. படகு ஏறினார். பாரதி மறுநாள் கரைக்குப் போய் நின்றாள். அதற்கு மறுநாளும் நின்றாள். படகு வந்து, அவர் இறங்கி, மணலில் கால் வைத்த பிறகு ஆய்வகத்துக்கு வருவாள். இந்தப் பயத்தில் அவள் இன்னொரு காரியம் செய்தாள். டாக்டர் ஸ்ரீரங்கனின் நர்ஸிடம் போய், ஒருவர் விழுந்துவிட்டால் நெஞ்சை எப்படி அமுக்குவது என்று பொம்மையை வைத்துக் கற்றுக்கொண்டாள். மூச்சு வாங்க, வியர்வை வழிய, போதும் என்று அவர்கள் சொல்லும் வரை பழகினாள். என்னையும் பழகச் சொன்னாள். நான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாக, டாக்டரை இன்னொரு முறை பார்க்க மட்டும் வருகிறேன், வெட்டவிடமாட்டேன் என்ற நிபந்தனையோடு லாசர் அண்ணன் கிளம்பினார். ஆட்டோவில் மூன்று பேரும் போனோம். நல்ல வெயில். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் பாலம் ஏறும்போது வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவர் பாரதியின் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். பாரதி அவர் கழுத்தில் விரலை வைத்தாள்.

ஆட்டோக்காரரிடம் நிறுத்து என்று அவள் சொன்ன குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரை இழுத்துப் பாலத்தின் தார்ச்சாலையில் படுக்கவைத்தோம். தார் கொதித்தது. பின்னால் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சாலையைக் கடக்கத் துணை தேடுகிற என் பாரதி, நட்டநடுச் சாலையில் மண்டியிட்டு அவர் நெஞ்சை அமுக்க ஆரம்பித்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யக்கூட அவள்தான் எனக்குச் சொன்னாள். அமுக்கிக்கொண்டே சொன்னாள். அமுக்கிக்கொண்டே அழுதாள். "பயமா இருக்கு லதா, பயமா இருக்கு லதா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு கட்டத்தில் உள்ளே எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அவள் வீறிட்டாள். ஆனால் அமுக்குவதை நிறுத்தவில்லை.

போக்குவரத்துக் காவலர் ஒருவர் ஓடிவந்து வண்டிகளை ஒதுக்கினார். பிறகு அவரும் மண்டியிட்டு மாற்றிக்கொண்டார். கை ஓய்ந்ததும் மறுபடி பாரதி. ஆம்புலன்ஸ் வந்தது. மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். லாசர் அண்ணன் வாயைத் திறந்து காற்றை இழுத்தார். பாரதி எழுந்து பாலத்தின் கைப்பிடிச் சுவர்வரை நடந்து போய் வாந்தி எடுத்தாள்.

ஜெசிந்தா அக்காவின் ஒப்புதலோடு லாசர் அண்ணனுக்கு அன்றைக்கே கருவி வைத்தார்கள். நினைவு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, விலா ஏன் இப்படி வலிக்கிறது என்பது. அவர் இதோ இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். விஷயம் குப்பத்தில் பரவியது. பேசியிருந்த சம்பந்தம் முறிந்துபோனது. அன்றைக்கு பாரதி சாப்பிடவில்லை. தன்னால்தான் முறிந்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணே ஆய்வகத்துக்கு வந்து, பரவாயில்லை அக்கா, அப்பா இருக்கிறாரே என்று சொல்லிவிட்டுப் போனது. அப்போதும் இவளுக்கு மனம் ஆறவில்லை. உண்மையைச் சொன்னதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலையை இன்னொருவர் வீட்டில் கொடுத்தார்கள். இதை அவள் மறக்கவே இல்லை, நாமும் மறக்கக்கூடாது.

இன்னும் ஒருவர் மிச்சம் இருந்தார். செத்துப்போன சவரிநாதனின் மகன் அஜித்குமார். கல்யாணமானவர், சொந்தப் படகு வைத்திருக்கிறார். பரிசோதனைக்கு வரமாட்டேன் என்றார். பாரதி எத்தனையோ முறை பேசினாள். ஒரு நாள் கரையில் வைத்து அவர் சொன்னது இது.

"தெரியாத வரைக்கும் தூங்கறேன்க்கா. தெரிஞ்சிட்டா எப்படித் தூங்குவேன்?"

அவள் வாதாடவில்லை. புள்ளிவிவரம் சொல்லவில்லை. "சரி, நீ தூங்கு. நான் முழிச்சிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

அப்படித்தான் இருந்தாள். கட்டாயப்படுத்த அவளுக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் தன்னால் முடிந்ததைச் செய்தாள். அஜித்தின் படகில் போகிறவர்களுக்கு நெஞ்சை அமுக்கக் கற்றுக்கொடுத்தாள். பிறகு பக்கத்துப் படகுக்காரர்களுக்கு. பிறகு பெண்களுக்கு. மாதாகோயில் முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வகுப்பு நடக்கும். பொம்மை வாங்கித் தர ஆள் வரும்வரை அரிசி மூட்டைமேல் பழகினார்கள். நான் கடைசியில் கற்றுக்கொண்டது அங்கேதான், ஜெசிந்தா அக்காவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு. அழுத்தமா அமுக்கு லதா, மீன் நசுங்கிடுமேன்னு பாக்காதே என்று பாரதி என்னை எல்லார் முன்னாலும் கேலி செய்தாள்.

பயப்படுகிறவர்களை நாம் எவ்வளவு குறைவாக மதிக்கிறோம்! பயந்தாங்கொள்ளி என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். பாரதிக்குப் பயம் இல்லாமலிருந்தால் அவள் அந்தத் தழும்பைப் பற்றிக் கேட்டிருப்பாளா? அந்த நர்ஸிடம் போயிருப்பாளா? பயம் அவளைத் தூங்கவிடவில்லை, உண்மைதான். ஆனால் அந்தத் தூக்கமின்மையில்தான் ஒரு குடும்பம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை ஆய்வகத்தின் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மருத்துவமனையில் அவளுக்கு நினைவு திரும்பவே இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன். திரையில் அவள் இதயம் சீராக, ஒழுங்காக, ஒரு துடிப்பு தவறாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. ஊராருக்கெல்லாம் திடீர் மரணம் வந்துவிடுமோ என்று பயந்தவளுக்கு, அவள் பயப்படாத ஒரு மூலையிலிருந்து அது வந்தது. இதில் எந்த நியாயமும் இல்லை. நியாயம் தேடி நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போவதும் இல்லை.

அவள் இறுதி ஊர்வலத்தில் லாசர் அண்ணன் தோள் கொடுத்தார். டாக்டர் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை.

அன்பர்களே, இனி என்ன செய்யப்போகிறோம்?

இயக்குநர் ஜவஹர் அவர்களின் ஒப்புதலோடு சொல்கிறேன். பாரதியின் ஆய்வு நிற்காது. பழுதான பிரதி பிடிக்காமல் போனாலும், மிச்சமிருக்கும் நல்ல பிரதியை இன்னும் கொஞ்சம் அதிகமாக வேலை செய்யவைக்க முடியுமா, அதன் கூப்பிடும் பகுதியை இன்னும் உரக்கக் கூப்பிடவைக்க முடியுமா என்பதுதான் அவள் கடைசியாக எடுத்திருந்த கேள்வி. பதில் என் ஆயுளில் கிடைக்காமல் போகலாம். அவள் மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள், தொடர்ந்து தேடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் நிற்காது. போன ஞாயிறு நடந்தது. ஜெசிந்தா அக்கா நடத்தினார்.

இன்று மாலை இந்த மண்டபத்துக்கு வந்தபோது வாசலில் காவேரி நின்றிருந்தாள். அஜித்குமாரின் மனைவி. நிறைமாதம். பாரதியின் படத்துக்குப் பூ போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். குழந்தை பிறந்ததும் பரிசோதித்துவிட வேண்டும் என்றாள். அவருக்குத் தெரிய வேண்டாம் என்றாலும் எனக்குத் தெரியவேண்டும் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"பயமா கீதுக்கா. பாரதிக்காவும் இல்ல. நீ வருவியா?"

வருகிறேன் என்றேன்.

அஜித்குமார் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே கச்சேரி சாலையில் வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கே எனக்கும் ரத்தம் எடுத்துடுங்க" என்றார். மேடையில் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். சரியென்று தலையை ஆட்டினார்.

அஜித்தின் இந்த வார்த்தையைக் கேட்டிருக்க வேண்டியவள் பாரதி, நான் இல்லை. ஆனால் கேட்டவள் நான்தான். அதனால் அந்தக் குப்பிகளை நான்தான் கொண்டுவருவேன். அந்தப் பரிசோதனையை நான்தான் செய்வேன். அந்தக் கண்ணி மாறியிருந்தாலும் மாறாவிட்டாலும், அந்த வீட்டுக்குப் போய் அவர்கள் எதிரில் உட்கார்ந்து நானே சொல்வேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. காவேரியின் தேதி அடுத்த வாரம்.

முனைவர் ஜெயபாரதிக்கு இந்த அவையின் அஞ்சலியை அளித்து விடைபெறுகிறேன். எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம். லாசர் அண்ணன், நீங்கள் மெதுவாக எழுந்திருங்கள்.